ஒட்டாத பூதம்

1961-ஆம் வருஷம் அமெரிக்காவில் அரோரா என்ற கம்பெனி ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தைப் பிளாஸ்டிக் துண்டுகளாக்கி, அட்டைப் பெட்டியில் அடைத்து, 98 சென்டுக்கு விற்றது. பையன்கள் வாங்கிப் பசை தடவி ஒட்டினார்கள். வர்ணம் பூசி ஜன்னலில் நிறுத்தினார்கள். தலை நரைத்துக் கையில் காசு சேர்ந்ததும், அதே பெட்டியைத் தேடிக் கிளம்பினார்கள் பாருங்கள், அங்கேதான் கதை ஆரம்பம். கம்பெனியோ 1977-லேயே கடையைக் கட்டிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பிரிக்காத பெட்டிக்குத்தான் கிராக்கி! சமர்த்தாக ஒட்டி வைத்த பையனுடைய பூதம் மலிவு. வாங்கியதையே மறந்துபோன சோம்பேறியின் பெட்டிக்கு நூற்றுக்கணக்கில் டாலர். இது என்ன நியாயமோ!

1995-ல் ஈபே என்ற இணைய ஏலம் பிறந்தது. 'இதைப் போல இன்னொன்று கிடைக்காது, ஸார்' என்று காதோடு சொல்லி விற்ற வியாபாரிகள் திகைத்தார்கள். ஊர் ஊராகப் பரண்கள் திறந்துகொண்டன. அபூர்வம் என்று நினைத்தது, ஒரே வாரத்தில் நாலு இடத்தில் ஏலத்துக்கு நின்றது.

அதே வருஷம் போலார் லைட்ஸ் என்ற புதுக் கம்பெனி, அரோராவின் ஆடம்ஸ் குடும்பத்துப் பேய் வீட்டுக்குப் புதிதாக அச்சு வெட்டி விற்றது. பெருந்தொகை கொடுத்துப் பழைய வீட்டை வாங்கியிருந்தவர் வயிற்றில் புளி கரைந்திருக்கும். ஒட்டிப் பார்க்கத்தான் ஆசை என்றவர்கள் புதியதை வாங்கிக்கொண்டு விலகினார்கள்; விலை இறங்கியது.

ஆனால் அடிமட்டத்துக்குப் போய்விடவில்லை. பழைய அட்டையில்தானே பால்ய ஞாபகம் இருக்கிறது! ஜேம்ஸ் பாமா என்ற ஓவியர் தீட்டிய பூதத்தின் படத்துக்காக, உள்ளே ஒரு துண்டுகூட இல்லாத காலிப் பெட்டியை ஏலம் கேட்கிறவர்களும் உண்டு.