குதிரைத் தோட்டமும் கொள்ளும்

கோடம்பாக்கம் என்றதும் படப்பிடிப்புத் தளங்களை நினைப்போரே நம்மில் மிகுதி. ஆற்காட்டு நவாபின் குதிரை லாயம் இங்கிருந்தது என்றும், ‘கோடா பாக்’, அதாவது குதிரைத் தோட்டம், என்னும் உருதுப் பெயரே கோடம்பாக்கமாக மருவிற்று என்றும் ஒரு வழக்கு உண்டு. இதை ஐயத்துடன்தான் ஏற்க வேண்டும். ‘பாக்கம்’ என்னும் சொல்லைச் சிலப்பதிகாரப் புகாரிலேயே காண்கிறோம். அவ்வீறு கொண்ட ஊர்ப்பெயர்கள் தொண்டை மண்டலத்தில் நவாபுகளுக்கு மிக முந்தியவை. எனினும் லாயத்தைப் பற்றிய பேச்சு வேறொரு கேள்வியை எழுப்புகிறது. தமிழகத்துக்கு வந்த குதிரைகள் எதைத் தின்றன?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் வாங்கிய 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளில் ஆண்டு முடிவில் 100கூட எஞ்சுவதில்லை என்கிறார். இறைச்சியோடு வேகவைத்த சோற்றை அவற்றுக்கு இட்டார்கள் என்பதும் அவர் கூற்று. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், வறுத்த தானியத்தை வெண்ணெய் சேர்த்துக் கொடுத்ததைக் குறிப்பிடுகிறார். இவற்றை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காடுதான்; இறைச்சி அக்குறையை ஈடுசெய்யும் முயற்சியாக இருக்கலாம். கொழுப்போ, மாவுப்பொருளைப் போல் இரு மடங்குக்கும் மேலான ஆற்றல் தருவது. தவறு வேறிடத்தில் இருந்தது. குதிரை அசைபோடாத விலங்கு. புல்லின் நாரைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களே நொதிக்கச் செய்கின்றன. மிகுதியான மாவுப்பொருள் செரிக்காமல் அங்கே சென்றால் அமிலம் பெருகி, வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும். வேலையற்ற வளர்ந்த குதிரைக்குத் தீனியில் 8 முதல் 10 விழுக்காடு புரதம் போதும். பாலூட்டும் குதிரைக்கும் வளரும் குட்டிக்கும் அதைவிடக் கூடுதலாக வேண்டும். உழைக்கும் குதிரைக்கு முதன்மையாகக் கூடுவது ஆற்றல் தேவையே.

விடை நம் புன்செயில் இருந்தது. கொள்ளில் புரதம் ஏறத்தாழ 22 விழுக்காடு. மாவுப்பொருள் அதன் இரு மடங்குக்கும் மேல். புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் அதில் உண்டு. வேகவைத்தால் அதன் வீரியம் பெரிதும் குறையும். புல்லோடு அளவறிந்து வெந்த கொள்ளை இட்ட லாயக்காரனின் வழக்கத்துக்கு இதுவே அறிவியல். புறநானூற்றுக் காலத்திலேயே நம் நிலத்தில் விளைந்த இப்பயற்றைச் சென்னை மாகாணத்து ஆங்கிலேயரும் குதிரைத் தீனியாகவே அறிந்தனர். கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும் என்று பழமொழியும் பிறந்தது.

அரிசி தவிர வேறு தானியமே இந்நாட்டில் இல்லை என்று மார்க்கோ போலோ எழுதினார். கடற்கரையையும் நன்செயையும் கண்டவரின் பார்வை அது. வானம் பார்த்த பூமியின் பயிரை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நாமும் குதிரை வணிகத்தை எழுதும்போது துறைமுகத்தையும் பொன்னையும் எண்ணுகிறோம். கொள்ளு விதைத்தவனையும் அதை அவித்து இட்டவனையும் எண்ணுவதில்லை. அவர்களின் பெயர்கள் நமக்குக் கிட்டப்போவதில்லை. ஆனால் குதிரையை உயிரோடு வைத்திருந்த அறிவு அவர்களுடையது என்பதையாவது நம் வரலாறு பதிவு செய்ய வேண்டும்.