எண்ணுப்பெயர்கள், கும்மிடிப்பூண்டி வட்டாரத் தமிழ்–தெலுங்கு

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அருகருகே வழங்கும் தமிழ், தெலுங்கு எண்ணுப்பெயர்கள், மூலத்திராவிடம் எனப்படும் மீட்டுருவாக்கப்பட்ட பொதுத்தாய்மொழியிலிருந்து கிளைத்தவை. தமிழின் ஏழு தெலுங்கில் ஏடு என்றும் மூன்று மூடு என்றும் வழங்குவது ஒழுங்கான ஒலிமாற்றத்தின் விளைவு; அரபியின் தலாதா, எபிரேயத்தின் ஷலோஷ், அரமேயத்தின் த்லாதா ஆகிய மூன்றும் ஒரே செமித்தியச் சொல்லின் வழிவந்தவை என்பதும் இத்தகைய ஒலிமாற்ற ஒப்பீட்டினாலேயே நிறுவப்பட்டது. தமிழ், தெலுங்கு எண்ணுப்பெயர்களுள் சுவை மிக்கது ஒன்பது: பழந்தமிழில் அவ்வெண்ணுக்குத் தொண்டு என்ற பெயர் இருந்தமைக்குப் பரிபாடல் சான்றாக இருக்க, தொண்டோடு உறவுடைய தொம்மிதி தெலுங்கில் இன்றும் வழங்குவதால், ஒன்பதன் பெயராகத் தமிழர் நாவிலிருந்து நழுவிய அடிச்சொல்லை அண்டை மொழி அப்பொருளிலேயே காத்துவருகிறது எனலாம். மக்களை எண்ணுகையில் தமிழ் இருவர், மூவர் என்றும் தெலுங்கு இத்தரு, முக்குரு என்றும் தனிவடிவம் கொள்கின்றன. செமித்திய மொழிகளின் தொன்மையான வழக்கிலோ எண்ணின் வடிவம் பெயரின் பாலைப் பொறுத்தது: மூன்று முதல் பத்துவரை, ஆண்பால் பெயருக்குப் பெண்பால் ஈறு கொண்ட எண்ணே முன்வரும்.