வீட்டு விமான அலைவாங்கி (திருவண்ணாமலை)

பறக்கும் விமானங்கள் தம் அடையாளம், உயரம், இருப்பிடம், வேகம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் தாமாகவே அறிவிக்கின்றன. ஏடிஎஸ்-பி எனப்படும் இம்முறையில் இருப்பிடச் செய்தி நொடிக்கு இருமுறை வரும். வீட்டிலிருந்தே அதைப் பிடிக்க, ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்னும் யூஎஸ்பி அலைவாங்கி, சிறு கணினி, டம்ப்1090 மென்பொருள், ஆண்டெனா போதும். அலைநீளம் 27.5 செ.மீ.; அதில் கால் பங்கான சுமார் 6.9 செ.மீ. செம்புக் கம்பியே எளிய ஆண்டெனா.

இந்த அலை நேர்க்கோட்டில் செல்வது. தடையற்ற திசையில், 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் சிக்னல் 400 கி.மீ. தொலைவிலிருந்தும் எட்டக்கூடும். திருவண்ணாமலையில் அந்தத் தடை மலைதான். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 800 மீ. உயர்ந்த அண்ணாமலை, அதன் கிழக்கடியில் உள்ள கோயிலுக்கும் மாடவீதிகளுக்கும் மிக அருகில் எழுகிறது. அங்குள்ள மொட்டைமாடியில் சென்னைப் பக்கத்து விமானங்கள் நன்கு பதியும். பெங்களூர்த் திசையில் தொலைவில் செல்பவை எவ்வளவு உயரப் பறந்தாலும் மலை மறைத்துவிடும். மலைக்கு மறுபுறமுள்ள அடி அண்ணாமலையில் மலை மறைக்கும் திசை வேறு. விலையுயர்ந்த கருவியைவிட, கிரிவலப் பாதையில் வீடு எந்தப் பக்கம் என்பதே இங்கு முக்கியம். நீண்ட கேபிள் சிக்னலைத் தின்றுவிடும். அலைவாங்கியை ஆண்டெனாவின் அருகிலேயே வைப்பது நல்லது.