முட்டி ஜவ்வும் மெலியும் எலும்பும்

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் என்னோடு நடக்கும் நண்பர் ஒரு மாதமாக வரவில்லை. படியில் கால் பிசகி முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டதாம். பார்க்கப் போனேன். டாக்டர் காலை மடக்கி நீட்டச் சொல்லியிருக்கிறார். வீட்டிலோ, "அசங்காம படுத்துண்டிருங்கோ" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பாரிஸில் பால் செகோன் என்ற அறுவை மருத்துவர் 1879-இல் இதை ஆராய்ந்து எழுதினார். சுளுக்குக்குப் பிரெஞ்சில் 'ஆந்தோர்ஸ்' என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அவர் கட்டுரைத் தலைப்பிலும் அந்தச் சொல் உண்டு. எக்ஸ்ரே வராத காலம். இறந்தவர்களின் முழங்காலை மடக்கித் திருகிப் பார்த்தார். கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில், வெளிப்புறமாக, ஒரு சின்னச் சில்லு பெயர்ந்து வந்தது. அந்தச் சில்லு தெரிந்தால் உள் ஜவ்வும் கிழிந்திருக்கலாம் என்று இன்றும் டாக்டர்கள் உஷாராகிறார்கள்.

1892-இல் ஜெர்மனியின் யூலியஸ் வோல்ஃப் இன்னொன்று சொன்னார்: எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். பாரம் குறைந்தால் எலும்பும் மெலியும். விண்வெளியில் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பு மாதம் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது.

நம் ஊரில் பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. ஆனால் சாதாரண எக்ஸ்ரேயில், எலும்பில் சுமார் 30 சதவீதம் போன பிறகுதான் மெலிவு தெளிவாகத் தெரியும். 1980களின் கடைசியில் டெக்ஸா கருவி வந்த பிறகே சிறிய இழப்பையும் அளக்க முடிந்தது. அடுத்த சில வருடங்களில் பின்லாந்து ஆய்வாளர்கள் ஜவ்வு கிழிந்தவர்களின் கால்களை அளந்தார்கள். அடிபட்ட காலில், முட்டியைச் சுற்றி, எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. தொடைத்தசையின் பலம் திரும்பியவர்களுக்கு இழப்பு குறைவு.

அதற்கு முன்பெல்லாம் ஆறு வாரம் மாவுக்கட்டு போடுவதே வழக்கம். 1974-இல் எனக்கும் போட்டார்கள். மெடிக்கல் லீவில் ராஜா மாதிரி படுத்திருந்தேன். கட்டைப் பிரித்தபோது இடது தொடை வலது தொடையில் பாதிதான் இருந்தது. வெளியே தசை கரைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே எலும்புக்கு என்ன ஆனது என்று அன்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் பயிற்சியும் செய்யவில்லை. மாடிப்படி ஏறும்போது அந்தக் கால் இன்றும் பின்தங்குகிறது.

இதையெல்லாம் நண்பர் மனைவியிடம் சொன்னேன். "அப்போ டாக்டர் சொன்னதுதான் சரியா?" என்றார். மறுநாள் போனபோது, அவரே பக்கத்தில் நின்று எண்ண, நண்பர் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.