லயத்து வாழையும் கனிவிக்கும் கலையும்

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் பால்மரத்தையே பேசுவர். அது பொருத்தமே. 1877ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளுக்குப் பின் எழுந்த தோட்டங்களே தமிழகத்து உழவரை இங்கு ஈர்த்தன. ஆயினும், பால்மரம் கம்பெனிக்குரியது. லயத்தின் பின்புறம் நின்ற வாழையே தொழிலாளிக்குரியது.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுடைய தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி நிலம், பயிரிட ஒதுக்கப்படல் வேண்டும் என்றது. இவ்விதி எல்லாத் தோட்டங்களிலும் ஒரே அளவில் நடப்புக்கு வரவில்லை. எனினும், கிடைத்த நிலத்தில் வாழையும் முருங்கையும் மரவள்ளியும் தழைத்தன. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்து வேலை குறைந்தபோதும், 1941 டிசம்பரில் ஈப்போ சப்பானியர் வசமாகி அரிசி அருகியபோதும், அடுப்பை அணையாமற் காத்தவற்றுள் இச்சிறு தோட்டமும் ஒன்று.

வாழையில் வீணாவது சிறிதே. காய் பொரியலாயிற்று, பூ வடையாயிற்று, தண்டு கூட்டாயிற்று, இலை உண்கலமாயிற்று. பழத்துக்கோ பொறுமை வேண்டும். தாய்நாட்டில் குழி தோண்டி, வைக்கோல் பரப்பி, தார்களை அடுக்கிப் புகையூட்டி மூடுவதை மூட்டம் போடுதல் என்பர். லயத்தில் அதற்கு இடமேது? சீப்புகளைச் சாக்கில் கட்டியோ, அரிசிப் பானையுள் புதைத்தோ கனிவித்தனர். அளவுக்கு மீறிக் கனிந்த பழமும் எறியப்படவில்லை. மாவும் சர்க்கரையும் சேர்ந்து பணியாரமாயிற்று.

இக்கைப்பழக்கத்தின் காரணத்தை அறிவியல் பின்னரே கூறிற்று. எத்திலீன் என்னும் வாயு செடிகளைத் தாக்குவதை உருசிய அறிஞர் நெல்யூபோவ் 1901இல் வெளியிட்டார். கனியும் பழங்களே அவ்வாயுவை வெளியிடுகின்றன என்பதை ஆங்கிலேயர் கேன் 1934இல் மெய்ப்பித்தார். புகையிலும் அது உண்டு. மூடிய பானை அதனை வெளியேறாமல் தேக்குகிறது.

ஈண்டு நோக்கத்தக்கது மற்றொன்று. 1960களின் இறுதியில், எத்திலீனை வெளிவிடும் எத்திபான் என்னும் மருந்தைப் பால்மரப் பட்டையில் பூசினால் பால் நெடுநேரம் வடியும் எனக் கண்டனர். பாட்டி பானையுள் அடைத்த வாயுவே கம்பெனியின் ஆதாயத்தையும் பெருக்கிற்று. ஒன்றன் பயன் வீட்டிலேயே தங்கிற்று. மற்றதன் பயன் கடல் கடந்தது.

1950களின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர்ப் பால்மரம் வெட்டுண்டு செம்பனை நின்றது. மக்கள் ஈப்போ போன்ற நகரங்களை நாடினர். தலைமுறையாகப் பயிரிட்ட நிலம் அவர்தம் பெயரில் இல்லாமையால், லயம் போனவுடன் வாழையும் போயிற்று. நிலத்தைக் கொணர இயலவில்லை. கனிவிக்கும் அறிவை மட்டுமே கொணர்ந்தனர். அவ்வறிவும் ஏடேறாவிடின், அதனைக் கைக்கொண்ட மூதாட்டியருடனே மறையும். மாணவர் தத்தம் பாட்டியரைக் கேட்டு அதனை எழுதிவைத்தல், தமிழாசிரியர் தரத்தக்க நல்ல பயிற்சியாகும்.