99 வீதமா? எந்த முழம்?

அல்-பிரூனி பூமியை 99 வீதம் சரியாக அளந்தார் என்ற பதிவு மறுபடியும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பெருமைப்படுவோம். எதற்கு என்று தெரிந்து பெருமைப்பட்டால் இன்னும் நல்லது.

973 இல் குவாரிஸ்மில், இன்றைய உஸ்பெகிஸ்தான் பக்கம் பிறந்தவர். 1017 இல் அந்த நாட்டைப் பிடித்த கஸ்னி சுல்தான் மஹ்மூத் இவரையும் கொண்டுபோனார்.

இவருக்கு முன்பே கலீபா மஃமூனின் ஆட்கள் பாலைவனத்தில் வடக்கும் தெற்குமாக நடந்து ஒரு பாகையின் தூரத்தை அளந்திருந்தார்கள். பிரூனி அப்படி நடக்கவில்லை. இன்றைய பாகிஸ்தானில் நந்தனா கோட்டைக்கருகே ஒரு மலை, முன்னால் சமவெளி. கீழே இரண்டு இடங்களில் ஏற்றக்கோணம் பார்த்து மலையின் உயரத்தைக் கண்டார். உச்சியில் ஏறி, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார்: 34 கலை, அரைப் பாகைக்குச் சற்றே மேல். மிச்சம் நம் சாதாரண தரப் பிள்ளைகள் படிக்கும் திரிகோணகணிதம்தான்.

ஆனால் உயரத்தை அவர் சொன்னது முழத்தில். அந்த முழம் எத்தனை சென்ரிமீற்றர் என்பதில் ஆய்வாளர்களிடம் ஒரே முடிவில்லை. வளியில் ஒளி வளைவதால் அடிவானம் சற்று உயர்ந்தும் தெரியும். அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு 99 எங்கிருந்து வந்தது? பதிவு போடுபவரிடம் கேளுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அவர் மண்ணைப் பார்த்த விதம். வட இந்தியாவில் மலைக்குக் கிட்டப் பெரிய உருண்டைக் கற்கள், தள்ளிப்போகச் சிறியவை, கடலோரம் மணல். அந்தச் சமவெளி முன்பு கடலாக இருந்து, ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் தூர்ந்தது என்று 1030 அளவிலேயே எழுதிவிட்டார்.