ஏவிய வேலையும் ஏவாத வேலையும்

சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போய் நீர்மூழ்கிகளை விரட்டுவதற்கென்று இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவசரமாகக் கட்டித் தள்ளியவை 'டெஸ்ட்ராயர் எஸ்கார்ட்' கப்பல்கள். 1944-இல் பசிபிக்கில் பெயரெடுத்த இரண்டில் ஒன்று, ஏவிய வேலையை மட்டுமே செய்தது. மற்றது தனக்குச் சம்பந்தமே இல்லாத சண்டையில் சிக்கியது.

முதலாவது 'இங்கிலாந்து'. நாட்டின் பெயரல்ல, பேர்ல் ஹார்பரில் மாண்ட இளம் அதிகாரி ஜான் சார்ல்ஸ் இங்கிலாந்தின் பெயர். அந்த ஆண்டு மே 19 முதல் 31-க்குள் அது ஆறு ஜப்பானிய நீர்மூழ்கிகளை ஒழித்தது. ஜப்பானியர் அவற்றில் ஐந்தை வேலிக்கால்கள் போல வரிசையாக நிறுத்தியிருந்தனர். அந்த ரகசியச் செய்தியை அமெரிக்கர் படித்துவிட்டனர். ஆனால் இடம் தெரிந்தால் போதாது, ஆயுதம் இருந்தாலும் போதாது. கூடவே வந்த 'ஜார்ஜ்', 'ராபி' கப்பல்களிடமும் அதே 'ஹெட்ஜ்ஹாக்' ஆயுதம் இருந்தது. அது 24 சிறு குண்டுகளை முன்னால் வீசும், அவை பட்டால்தான் வெடிக்கும். குறி தப்பினால் கடல் கலங்காது, எதிரொலியால் நீர்மூழ்கியைத் தேடும் சோனாருக்குத் தொடர்ந்து காது கேட்கும். ஆறாவது நீர்மூழ்கியை மற்றக் கப்பல்கள் ஒரு நாளுக்கு மேல் துரத்தித் தோற்ற பிறகே 'இங்கிலாந்து'க்கு வழிவிட்டார்கள். அது முடித்துவிட்டது.

இரண்டாவது 'சாமுவேல் பி. ராபர்ட்ஸ்'. அக்டோபர் 25 அன்று, பிலிப்பைன்ஸின் சாமர் தீவருகே சிறிய விமானந்தாங்கிகளைக் காத்து நின்றது. எதிரே வந்தவையோ ஜப்பானின் 'யமாட்டோ' உள்ளிட்ட நான்கு பெரும் போர்க்கப்பல்களும் எட்டு குரூசர்களும். 'ராபர்ட்ஸ்' வைத்திருந்தவை இரண்டு 5 அங்குலப் பீரங்கிகள், மூன்று டார்பிடோக்கள். தலைவர் கோப்லண்ட், போருக்கு முன் வக்கீல். பிழைப்பது அரிது என்று ஆட்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டே பாய்ந்தார். 24 நாட் வேகத்துக்குக் கட்டிய கப்பல் 28-ஐத் தொட்டது. பின்பீரங்கியின் தலைவன் பால் கார், பீரங்கி வெடித்துச் சிதறிய பிறகும் கடைசிக் குண்டைக் கையில் ஏந்திக் கிடந்தான். கப்பல் மூழ்கியது. 224 பேரில் ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். மற்றவர்கள் இரண்டு நாள் கடலில் மிதந்தார்கள்.

புத்தகங்கள் அதிகம் கொண்டாடுவது 'ராபர்ட்ஸை'த்தான். அது நியாயமே. என்றாலும் என் வியப்பு 'இங்கிலாந்து' பக்கமே சாய்கிறது. யானை மீது பாய்ந்த முயலைப் பற்றி யாரும் கதை சொல்லலாம். காதில் கருவி மாட்டிக்கொண்டு எதிரொலிக்குக் காத்திருந்தவனைப் பற்றி என்னதான் சொல்வது?

'ராபர்ட்ஸின்' சிதைவை 2022-இல் சுமார் 6,900 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். 'இங்கிலாந்து'க்கு அப்படி ஓர் இடமும் இல்லை. 1945 மே 9 அன்று ஒகினாவா அருகே கமிகாசி தற்கொலை விமானம் அதன் மீது மோதி 37 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டே கப்பலைப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். கடற்படையில் என்றும் ஓர் 'இங்கிலாந்து' இருக்கும் என்று அமெரிக்கக் கடற்படைத் தலைவர் அட்மிரல் கிங் வாக்களித்திருந்தார். 1963-இல் அப்பெயருடன் ஒன்று வந்தது. 1994-இல் அதுவும் ஓய்வு பெற்றது.